பிலோமினா மிஸ் திருத்திய அரிப்பு

தலையில் எவ்வளவு அரிக்கிறது என்று நோயாளியைக் கேட்டு, அவர் சொல்லும் எண்ணை அப்படியே நம்புகிறவர்கள் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம். நானும் அந்தக் கூட்டத்தில் வெகுகாலம் இருந்தவன்தான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பார்க்க வருகிற இளம் டாக்டர்கள் நீங்கள் எல்லாரும் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்றே கேட்கிறீர்கள். அது புத்தகத்தில் இருக்கிறது, இப்போது கைபேசியிலும் இருக்கிறது. நான் சொல்லப்போவது எங்கேயும் இல்லாத ஒரு சனிக்கிழமையைப் பற்றி. அன்றைக்கு என் நோயாளிகள் அத்தனை பேருக்கும் ஒரே காலை வேளையில் நோய் பாதிக்கு மேல் குறைந்துபோனது.

தழும்பு விழுந்து முடி கொட்டும் நோயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாதாரண முடி உதிர்வில் வேர் உயிரோடு இருக்கும், காத்திருந்தால் முளைக்கும். இதில் வேரைச் சுற்றி அழற்சி வந்து, வேரையே தின்றுவிட்டு, அந்த இடத்தைத் தழும்பால் மூடிவிடும். போனது போனதுதான். மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவது மட்டுமே நம் வேலை. அதனால் நோய் இப்போது எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்று கணித்தாக வேண்டும். அடங்கியிருந்தால் தடவுகிற மருந்து போதும். மும்முரமாக இருந்தால் மாத்திரை, தலையில் ஊசி, மாத்திரை கெடுதல் செய்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை என்று ஒரு ஊர்வலமே கிளம்பும். குறைத்துக் கணித்தால் முடி போகும். கூட்டிக் கணித்தால் வேண்டாத மருந்து ஒருவர் உடம்பில் ஏறும்.

இதற்காக நான் ஒரு அட்டை அச்சடித்தேன். அரிப்பு, எரிச்சல், வலி ஆகிய மூன்றுக்கும் எதிரே பூஜ்யம் முதல் பத்து வரை. சனிக்கிழமை தலை நோயாளிகள் மட்டும் வருவார்கள். காத்திருக்கும்போதே அட்டையை நிரப்புவார்கள். வரவேற்பில் இருக்கும் செல்வி எண்களைக் கணினியில் ஏற்றுவாள். நான் உள்ளே திரையைப் பார்ப்பேன். மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்தில், செருப்பு விடக்கூட இடமில்லாத ஒரு கிளினிக்கில் இவ்வளவு விஞ்ஞானம் நடக்கிறதே என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. டாக்டருக்குத் தன்மேல் மரியாதை வருகிற நேரம் மோசமான நேரம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நோயாளிகளில் ஒருவர் பிலோமினா மிஸ். சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம், வீட்டில் பாதிப் பேர் ஆசிரியர்கள். இவர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்கு வருஷா வருஷம் போனவர். கைப்பையில் சிவப்பு மைப் பேனா எப்போதும் இருக்கும். மாதா கோயில் செய்தி மடலைக்கூட அதை வைத்துத்தான் படிப்பார் என்று கேள்வி. வகிட்டுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு அவருக்கு முடி போயிருந்தது. அதிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தேன், அந்த நோயேதான். மாதா மாதம் அட்டையை நிரப்புவார். அரிப்பு மூன்றரை, எரிச்சல் மூன்றரை, வலி மூன்றரை. எட்டு மாதமும் அதே மூன்றரை, சிவப்பு மையில், கீழே கையொப்பத்தோடு.

மூன்றரை என்றால் லேசான நோய். வகிட்டுப் பக்கத்து இடத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். அங்கே எல்லாம் அமைதி. அதனால் தடவும் மருந்தோடு நிறுத்தியிருந்தேன். தலையின் மற்ற இடங்களைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பின்னந்தலையில் ஒரு கொண்டை இருந்தது. பன்னிரண்டு ஹேர்பின் குத்தி, அசைக்க முடியாதபடி இறுக்கிய கொண்டை. முதல் நாளே, "மிஸ், அந்தக் கொண்டையைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கொண்டைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மிஸ். நல்லா இருக்கு" என்றேன்.

பட்டம், மேற்பட்டம், அதற்கு மேல் ஒரு பட்டம் எல்லாம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனைக்கும் கீழே உட்கார்ந்துதான் அப்படிச் சொன்னேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமை. மெட்ரோவுக்காகத் தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. போன வாரம் இருந்த வழி இந்த வாரம் இருக்காது. அடையாறில் இருந்து கிளம்பிய என் கார் மந்தைவெளியில் ஒரு தடுப்புக்கு முன்னால் நின்றது நின்றதுதான். கடைசியில் இறங்கி நடந்தேன். கிளினிக்கை அடையும்போது ஒன்றரை மணி நேரம் தாமதம். வழக்கமாக அரை மணி தாமதமானாலே கூடத்தில் சந்தைக்கடை இரைச்சலாக இருக்கும். அன்றைக்குப் பதினான்கு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏசி ஒழுங்காக ஓடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

முதலில் மேற்கு மாம்பலத்து இளைஞர். போன மாதம் அரிப்பு எட்டு, இப்போது இரண்டு. முதுகில் தட்டிக்கொடுத்து, மாத்திரையைப் பாதியாகக் குறைத்தேன். அடுத்தவருக்கு ஏழு போய் மூன்று. குறைத்தேன். மூன்றாவது பெண்மணிக்கு ஒன்பது போய் இரண்டரை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் இருந்த மகிழ்ச்சியில் அவரைப் பேசவிடவில்லை.

செல்வி எட்டிப் பார்த்து, "சார், இன்னா சார், இன்னிக்கு எல்லார்க்கும் கொறஞ்சி கீது" என்றாள்.

"புது லோஷன் வேலை செய்யுதும்மா" என்றேன். போன மாதம்தான் ஒரு புது லோஷனை எழுத ஆரம்பித்திருந்தேன். மாநாட்டில் இதைப் பற்றிப் பேசலாம் என்று மனதில் ஓடியது. தலைப்புகூட வைத்துவிட்டேன், கடைசியில் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியலைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அண்ணாச்சி வந்தார். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கம். முகம் சிவந்திருந்தது.

"டாக்டரு, வெளிய ஒரு அம்மாவ உக்கார வச்சிருக்கீயளே, அவிய யாரு?"

"நான் யாரையும் வைக்கலையே."

"செவப்பு பேனாவோட இருக்காவ. நான் பத்து போட்டுருந்தேன். அத அடிச்சி நாலு ஆக்கிட்டாவ. எதுக்குன்னு கேட்டா, விடைக்கு ஆதாரம் இல்லங்காவ."

நான் எழுந்துவிட்டேன். ஆனாலும் ஒரு சந்தேகம். "அண்ணாச்சி, உண்மையில எவ்வளவு அரிக்குது?"

கொஞ்சம் யோசித்தார். "நாலுதான் இருக்கும்."

"பின்ன ஏன் பத்து போட்டீங்க?"

"பத்துன்னு சொன்னாத்தான நீங்க கொறச்சி நாலுக்காவது மருந்து எழுதுவீய. கடையில குக்கருக்கு நாங்க அப்படித்தான சொல்லுதோம். ஆரு மொதல்ல சொன்ன வெலைக்கே வாங்குதாவ?" கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஒரு தடவகூட கொறைக்கல டாக்டரு. நான் என்ன செய்ய?"

ஆறு மாதமாக அந்த மனிதருக்குப் பத்துக்கு உண்டான மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். மாதா மாதம் ரத்தம் எடுத்தேன், கண் டாக்டரிடமும் அனுப்பினேன். நான் பேரம் பேசுவேன் என்று காத்திருந்த மனிதர், பேசாத காரணத்தால் அவ்வளவையும் விழுங்கியிருக்கிறார்.

கூடத்துக்கு ஓடினேன். பிலோமினா மிஸ் செல்வியின் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அட்டைகள் நூல் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. செருப்பு வைக்கிற இடத்தருகே மயிலாப்பூர் மாமா ஒருவர் கைகட்டி நின்றார். அவர் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, தானே பேனாவைப் பிடித்து, அட்டையை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஏன் நிக்கறீங்க?"

"ஆள்மாறாட்டம்" என்றார் மிஸ், தலை நிமிராமல். "நோய் இவங்களுக்கு. பேப்பர் எழுதினது அவர்."

"ஆத்துல எல்லாம் நான்தானே எழுதறேன்" என்றார் மாமா என்னிடம் பரிதாபமாக. "ரெண்டுன்னு போட்டேன். அவ ஒண்ணும் சொல்லலையே."

மாமியின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஏழு என்று எழுதியிருந்தார். ஒரு வருஷமாக அந்தம்மாவின் அரிப்பு இரண்டு என்றுதான் என் கணினியில் இருந்தது.

செல்விமேல் பாய்ந்தேன். "இதை நீ பாத்துக்கிட்டா இருந்த?"

"நீங்கதான் இட்டாந்து வெச்சிகிறீங்கன்னு நெனச்சேன் சார். அவங்க கேட்ட கேள்வி உங்கள மாரியே இருந்திச்சி. உங்களவிட ஜாஸ்தியாவே கேட்டாங்க."

முதல் மூன்று பேருக்கும் நான் எதையும் பார்க்காமல் மருந்தைக் குறைத்து அனுப்பியிருந்தேன். செல்வியை விரட்டினேன். இரண்டு பேரைக் கீழே மருந்துக் கடையில் பிடித்தாள். மாம்பலத்து இளைஞர் பஸ் ஏறிவிட்டார். ஜன்னலோரம் ஓடிக்கொண்டே, "சார், உனுக்கு இன்னும் அரிக்குதாம், இறங்கு சார்" என்று கத்தியிருக்கிறாள். பஸ்ஸில் இருந்தவர்கள் அவரை இறக்கிவிட்டார்கள்.

பிறகு மிஸ்ஸை உள்ளே கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் நிஜமான கோபம், எட்டு மாதப் பயத்தையும் சேர்த்து வந்தது.

"மிஸ், இது ஆஸ்பத்திரி. உங்களை யார் திருத்தச் சொன்னது?"

"காத்துல அட்டையெல்லாம் பறந்தது. பொறுக்கினேன். கண்ணுல பட்டது. ஒருத்தர் பத்து, இன்னொருத்தர் பத்து, ஒரு பையன் பதினொண்ணு. பத்துக்கு எப்படி டாக்டர் பதினொண்ணு?" கைப்பையைத் திறந்தார். "அது போகட்டும். எதுக்குப் பத்து? எதுக்கு அஞ்சு? விடைக்குறிப்பு எங்க? கீ இல்லாம பேப்பர் திருத்தினா ஆளாளுக்கு ஒரு மார்க்தான் வரும். அதான் நானே ஒண்ணு போட்டேன்."

என் அட்டை ஒன்றின் பின்பக்கத்தை நீட்டினார். சிவப்பு மை, மணிமணியான எழுத்து. ஞாபகப்படுத்தினால் மட்டும் அரித்தால் ஒன்று. கை தானாகப் போனால் மூன்று. செய்துகொண்டிருக்கும் வேலையைப் பாதியில் விட்டுச் சொறிந்தால் ஆறு. கை போதாமல் சீப்போ குச்சியோ தேவைப்பட்டால் ஏழு. தலையணையில் தலை வைக்க முடியாவிட்டால் எட்டு. தலைவாரப் பயந்தால் ஒன்பது. பத்து என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். பத்து யாருக்கும் கொடுப்பதில்லையாம்.

திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். மாநாடுகளில் நாங்கள் நாள் முழுக்கப் பேசியும் எட்டாத இடத்துக்கு இந்த அம்மாள் ஒன்றரை மணி நேரத்தில் போயிருந்தார். எண்ணைக் கேட்காதே, அரிப்பு அந்த ஆளை என்ன செய்யவிடவில்லை என்று கேள். இதை நான் நானாகக் கண்டுபிடித்தேன் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ள ஆசைதான்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "மிஸ், இந்தக் கீயை வெச்சு உங்க பேப்பரைத் திருத்தினீங்களா?"

"என்னோடது எதுக்கு? நான் சரியாத்தானே போடறேன். மூன்றரை."

"அது என்ன கணக்கு?"

"நூத்துக்கு முப்பத்தஞ்சு பாஸ். பத்துக்கு மூன்றரை. அரிப்பு இருக்கான்னு கேட்டீங்க, இருக்கு. அதனால பாஸ் போட்டேன். அதுக்கு மேல மார்க் போடற அளவுக்கு அது என்ன சாதிச்சிடுச்சு?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அவர் எழுதிய கேள்விகளையே அவரிடம் ஒவ்வொன்றாகப் படித்தேன். கை தானாகப் போகிறதா? போகிறது. வேலையைப் பாதியில் விட்டதுண்டா? டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடும்போது பலகையில் பாதியில் நின்றுவிடுகிறதாம். குச்சி? கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். தலையணை? இரண்டு மாதமாகக் குப்புறப் படுக்கிறார். தலைவார? "அதுக்குத்தான் ஒரு தடவை கொண்டை போட்டா மூணு நாளைக்கு அவிழ்க்கறதில்ல" என்றார். சொல்லி முடித்ததும் தன் எழுத்தையே மறுபடி வாசித்தார், விரல் வைத்து, மேலிருந்து கீழாக. கூட்டலில் தப்பு இருக்கும் என்பதுபோல இரண்டாவது தடவையும் வாசித்தார்.

"ஒன்பது வருது டாக்டர்" என்றார். குரலில் டீச்சர் இல்லை.

"கொண்டையை அவிழ்த்துடுங்க மிஸ்" என்றேன்.

பன்னிரண்டு பின்னையும் ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜையில் வைத்தார். கடைசிப் பின் வந்ததும் முடி இறங்கியது. உச்சிக்குப் பின்னால், கொண்டை உட்கார்ந்த இடம் முழுக்க, சிவப்பு. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சு சிவப்பானது. ரத்தம் என்று நினைத்து இன்னொரு பஞ்சை எடுத்தேன். ரத்தம் இல்லை, மை. மூடி கழற்றிய பேனாவைக் கொண்டைக்குள் விட்டுச் சொறிந்திருக்கிறார், மாதக்கணக்கில். திருத்தியதுபோல அங்கங்கே கோடுகள், ஒரு இடத்தில் சரிக்குறிகூட இருந்தது. ஐந்தாறு பஞ்சு தீரும்வரை துடைத்தேன். மை எல்லாம் போன பிறகும் ஒவ்வொரு முடியின் அடியிலும் ஒரு சிவப்பு வளையம் மிச்சம் இருந்தது, அது அழற்சி. லேசாக இழுத்தேன், ஒரு கொத்து கையோடு வந்தது. நடுவில் உள்ளங்கை அளவுக்கு வழவழவென்று தழும்பு. அங்கே வளையமும் இல்லை, முடியும் இல்லை.

அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தேன், தழும்பின் ஓரமாக ஊசியும் போட்டேன். மாதா மாதம் வந்தார். வந்ததும் நான் கேட்பதற்கு முன்பே பின்களை எடுக்க ஆரம்பித்துவிடுவார். ஐந்தாவது மாதம் வளையங்கள் மறைந்தன, இழுத்தால் ஒன்றும் வரவில்லை. நோய் நின்றுவிட்டது. சுற்றியிருந்த முடி தப்பித்தது. பழைய அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, அவருடைய விடைக்குறிப்பை அச்சடித்து வைத்தேன். அண்ணாச்சிக்கு மாத்திரையை நிறுத்தி ஒரு ஷாம்பு எழுதிக் கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இத்தோடு நிறுத்தினால் எனக்கு நல்லது. ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதே அதுதான்.

நோய் நின்றுவிட்டது என்று நான் சொன்ன அன்றைக்கு, மிஸ் தன் பின்னந்தலையைப் பார்க்க வேண்டும் என்றார். அதுவரை அவர் பார்த்ததில்லை. யாரால்தான் தன் பின்னந்தலையைப் பார்த்துக்கொள்ள முடியும்? கைபேசியில் படம் எடுத்துக் காட்டினேன். வெகுநேரம் கையில் வைத்திருந்தார். படத்தைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார்.

"இது இனிமே வளராது?"

"வளராது மிஸ்."

"நான் முதல்ல வந்தப்ப இவ்வளவு இருந்ததா?"

தெரியாது என்பதுதான் உண்மையான பதில். "தெரியல மிஸ். நான் பாக்கல. ஒருவேளை கொஞ்சமா இருந்திருக்கும். அப்பவே மாத்திரை ஆரம்பிச்சிருந்தா இதுல பாதியாவது மிஞ்சியிருக்கும்."

"நான் மூன்றரைன்னு போட்டேனே" என்றார் மெதுவாக.

"நீங்க என்ன போட்டாலும் நான் பாத்திருக்கணும். கொண்டையை அவிழ்க்கச் சொல்ல பயந்துட்டேன்."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு கையால் முடியைச் சுருட்டி, மறு கையால் மேஜையில் பின்னைத் தேடினார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். கொண்டையை அந்த இடத்தின் மேலேயே போட்டார், இந்தத் தடவை கொஞ்சம் தளர்வாக. கடைசிப் பின்னைக் குத்திவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது.

"கேட்டிருந்தா நான் திட்டியிருப்பேன் டாக்டர், கண்டிப்பா திட்டியிருப்பேன். திட்டு வாங்கிட்டுப் பாத்திருக்கலாமே நீங்க?"